சேறு காய்வதற்குள் சாவி: சென்னையில் வீடிழந்தவர்கள் எங்கே போகிறார்கள்?

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைமீறியபோது சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் பக்கத்து ஆற்றோரக் குடிசைகள் ஒரே இரவில் இருந்த இடம் தெரியாமல் போயின. தண்ணீர் வடிந்து சேறு காய்வதற்குள் அறிவிப்பு வந்துவிட்டது: ஆற்றோரக் குடும்பங்களுக்குக் குடிசை மாற்று வாரியத்தின் 10,000 வீடுகள் ஒதுக்கப்படும்.

பத்தாயிரம் வீடு அவ்வளவு சீக்கிரம் எங்கிருந்து வந்தது? வெள்ளத்துக்காக யாரும் கட்டியதில்லை. ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் பணத்தில் நகரத்தின் தென்கோடியில் பெரும்பாக்கத்திலும் ஒக்கியம் துரைப்பாக்கம் எழில் நகரிலும் சில வருஷங்களாகவே எழும்பி வந்த அடுக்குமாடிகள் அவை. வீடு தயாராக இருந்தது, போக ஆள்தான் பெரிதாக இல்லை. வெள்ளம் ஆளைக் கொண்டுவந்தது.

நகரத்தில் வீடிழந்த ஏழைக் குடும்பம் அடுத்த முப்பது வருஷம் எங்கே வாழப்போகிறது என்பது பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே முடிவாகிவிடுகிறது. வேலை எங்கே, பிள்ளைகளின் பள்ளி எங்கே என்று பார்த்து எடுக்கும் முடிவல்ல அது. பூட்டிய வீடுகளின் சாவி அந்த நேரத்தில் எந்தப் பிளாக்கில் தொங்குகிறதோ, அதுதான் முகவரி. அவசர உதவி, நிரந்தர வீடு என்று திட்ட ஆவணங்களில் இரண்டு கட்டங்கள் இருக்கும். நடைமுறையில் முதல் கட்டத்தின் நெருக்கடியே இரண்டாவதை எழுதிவிடுகிறது.

முதல் சில நாட்களைத் தமிழ்நாடு ஓரளவு நன்றாகவே கையாளும். மாநகராட்சிப் பள்ளி, சமுதாயக்கூடம், கல்யாண மண்டபம் திறக்கும். சாப்பாட்டுப் பொட்டலம் வரும், மருத்துவ முகாம் வரும். 2015-ல் குடிசையை இழந்தவர்களுக்கு 10,000 ரூபாய், வெள்ளம் புகுந்த மற்ற வீடுகளுக்கு 5,000 ரூபாய் என்று நிவாரணமும் கொடுத்தார்கள். சிக்கல் பள்ளி திறக்கும் நாளில்தான் ஆரம்பிக்கிறது. வகுப்பறை வேண்டும், முகாமை மூடியாக வேண்டும். உள்ளே இருப்பவர்களை எங்கே அனுப்புவது? பழைய இடத்தில் மறுபடி குடிசை போட விடமாட்டார்கள், அது நீர்நிலைப் புறம்போக்கு. பக்கத்தில் வாடகைக்குப் போகலாம் என்றால் அட்வான்ஸுக்குப் பணமில்லை. இந்த நேரத்தில் பெரும்பாக்கத்து அலாட்மெண்ட் கடிதத்தை நீட்டினால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? பிறகு கோப்பில் 'பயனாளிகள் தாமாக முன்வந்து' என்று எழுதுவது சுலபம்.

முகாமுக்கும் சொந்த வீட்டுக்கும் நடுவே ஓர் இடைக்காலம் இருக்கிறது. யாருக்கும் சொந்தமில்லாத காலம் அது. 2004 சுனாமிக்குப் பிறகு வடசென்னைக் கடலோரத்தில் வீடிழந்தவர்களுக்கு எர்ணாவூர் பக்கத்துக் கார்கில் நகரில் தற்காலிகக் குடியிருப்பு போட்டார்கள். சுனாமி தாக்கிய மற்ற மாவட்டங்களைப் போலவே சுவரும் கூரையும் கறுப்புத் தார் ஷீட். சித்திரை வெயிலில் அதற்குள் மத்தியானம் உட்கார முடியாது, மழைக்காலத்தில் தரையில் தண்ணீர். 2005 கோடையில் தீப்பிடித்து வரிசை வரிசையாக எரிந்தும் போனது. சில மாதத்துக்கு என்று போட்ட கொட்டகையில் குடும்பங்கள் வருஷக்கணக்கில் கிடந்தன. கடைசியில் அவர்களில் பலருக்கு வீடு கிடைத்த இடம் செம்மஞ்சேரி. நகரத்தின் வடகோடியிலிருந்து தென்கோடிக்கு, ஏறக்குறைய 40 கிலோமீட்டர். துறைமுகத்தையும் மீனையும் நம்பிப் பிழைத்தவர்களைப் பழைய மாமல்லபுரம் சாலைக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

அந்தச் சமயத்தில் கடலோரத்துக்கென்று அரசு ஒரு நல்ல விதியும் போட்டிருந்தது. 2005 மார்ச் 30-ல் வந்த அரசாணை 172. கடலோரத்திலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் விருப்பப்பட்டால் உள்ளே தள்ளிப் போய் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள புது வீடு வாங்கிக்கொள்ளலாம். போக விருப்பமில்லையென்றால் இருக்கும் வீட்டைச் சொந்தச் செலவில் பழுதுபார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கலாம். முழுச் சுதந்திரம் இல்லைதான், போகிறவருக்குத்தானே பணம். ஆனாலும் 'இருக்கிறேன்' என்று சொல்ல ஒரு கட்டம் காகிதத்தில் இருந்தது. மீனவக் குப்பங்களுக்கு ஊர்ப் பஞ்சாயத்து இருந்தது, கடல்மேல் உரிமை கேட்க வாய் இருந்தது. அடையாற்றங்கரையில் கூலி வேலை செய்கிறவர்களுக்கு இந்த இரண்டுமே இல்லை. பத்து வருஷம் கழித்து அவர்களிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவும் இல்லை.

இடைக்காலத்தைச் சரியாகச் செய்வது பணக்கார நாட்டுக்கும் எளிதல்ல. 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பான் 48,000-க்கும் மேற்பட்ட தற்காலிக வீடுகளைக் கட்டியது. நல்ல வீடுகள்தான். முதியவர்களுக்கு முன்னுரிமை கொடுத்துக் குலுக்கலில் ஒதுக்கினார்கள், நியாயமாகத்தான் தெரிந்தது. விளைவு, ஒரே தெருவில் நாற்பது வருஷம் வாழ்ந்தவர்கள் ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள். பக்கத்து வீட்டில் யார் என்றே தெரியாத இடத்தில் தனியாக இறந்து, பிறகு கண்டெடுக்கப்பட்டவர்கள் இருநூறுக்கும் மேல். 2011 சுனாமியின்போது அதே நாடு கொட்டகை கட்டுவதோடு நிற்காமல், காலியாக இருந்த தனியார் வாடகை வீடுகளையே தற்காலிக வீடாகக் கணக்கில் எடுத்து வாடகையை அரசே கட்டியது. அதிலும் மக்கள் சிதறினார்கள். ஆனால் நிரந்தர முடிவை நிதானமாக எடுக்க நேரம் கிடைத்தது. சென்னையில் கிடைக்காதது அந்த நேரம்தான்.

சரி, காலி வீடுகள் ஏன் எப்போதும் ஊருக்கு வெளியே இருக்கின்றன?

எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது அதன் வாசகம் 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்'. முதல் சில வருஷம் குடிசை இருந்த இடத்திலேயே மூன்று, நான்கு மாடி கட்டினார்கள். மெரினாவை ஒட்டி நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் பக்கம் இன்றும் அவற்றின் சுவடு உண்டு. செலவு அதிகம், கட்டியது போதவில்லை என்பதும் உண்மை. 1977-ல் உலக வங்கிக் கடனோடு வேறொரு வழி வந்தது. இருக்கும் குடிசைப் பகுதிகளில் தண்ணீர், கழிவுநீர், தெருவிளக்கு போட்டுக் குடியிருப்பவர் பெயருக்கே மனையைக் கொடுப்பது. கூடவே அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பகுதிகளில் சின்னச் சின்ன மனைகளைப் பிரித்து, சாலையும் தண்ணீரும் கழிப்பறையும் மட்டும் போட்டுக் கொடுப்பது. மிச்சத்தை வாங்கியவர் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்ளலாம். முதலில் ஓர் அறை, பிள்ளை பெரியவனானதும் மாடி, அப்புறம் வாசலில் ஒரு கடை.

இன்று அந்த மனைப் பகுதிகளுக்குள் போனால் இது ஏழைகளுக்கான திட்டமாக ஆரம்பித்த இடம் என்று சொன்னால்தான் தெரியும். தையல் கடை, டியூஷன் பலகை, இரண்டு மாடி வீடு, பக்கத்திலேயே ஓட்டு வீடு என்று எல்லா வருமானக்காரர்களும் கலந்த சாதாரண சென்னைத் தெரு. என் கணிப்பில் இந்த நகரம் ஏழைகளின் வீட்டுக்காகச் செய்ததில் உருப்படியானது இதுதான். அதைத்தான் தொடராமல் விட்டார்கள்.

விட்டதற்குக் காரணம் நிலத்தின் விலை. 1990-களில் மனை விலை ஏறியது, பழைய மாமல்லபுரம் சாலைக்கு ஐ.டி. வந்தது, ஆற்றோரமும் பாலத்தடியும் மேம்பாலத்துக்கும் பறக்கும் ரயிலுக்கும் தேவைப்பட்டன. 2000-ல் துரைப்பாக்கத்தில் வாரியத்தின் மறுகுடியேற்றக் குடியிருப்பான கண்ணகி நகர் தொடங்கியது. அப்புறம் 2005-ல் வந்த நேரு திட்டம் கட்டடத்துக்கு மத்திய அரசின் பணம் தந்தது, நிலத்துக்குத் தரவில்லை. நிலத்தை மாநிலமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் கோடம்பாக்கத்திலா தேடுவார்கள்? எல்லைக்கு வெளியே பெரிய அரசு நிலம் எங்கே கிடக்கிறதோ அங்கே எட்டு மாடி எழும்பும். கண்ணகி நகர், எழில் நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 50,000 வீடுகள். நாட்டின் மிகப் பெரிய மறுகுடியேற்றக் கொத்துகளில் ஒன்று இது. கட்டிய பிறகு நிரப்பியாக வேண்டும். வெள்ளம், கூவம் சீரமைப்பு, தீவிபத்து என்று வரும் ஒவ்வொன்றும் நிரப்ப ஒரு வாய்ப்பு.

அந்த நிலம் எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கி இறங்கும் வழியில் இருக்கின்றன. உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த அதே சதுப்பு நிலம். செம்மஞ்சேரி வாரியக் குடியிருப்பில் தண்ணீர் நிற்பது இப்போது வருஷாந்திரச் செய்தி. 2015-லும் நின்றது, 2023 மிக்ஜாம் புயலிலும் நின்றது. ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று ஏற்றிவந்தவர்களை ஏரித் தண்ணீரில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். மேல்மாடி கிடைத்தவர் நனையமாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். மின்சாரம் போனால் லிஃப்ட் நிற்கும், மோட்டார் நிற்கும், ஏழாவது மாடிக்குக் குடத்தைத் தூக்க வேண்டும்.

வீட்டைப் பற்றிக் குறை சொல்லவே கூடாதென்பவர்கள் கேட்பது: குடிசையில் இருந்தவருக்குச் சிமெண்ட் வீடு, தனிக் கழிப்பறை, இன்னும் என்ன வேண்டும்? கழிப்பறை சின்ன விஷயமில்லை, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். விடிவதற்கு முன்னால் ஆற்றோரம் போய்வந்த பெண்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும். ஆனால் குடும்பம் வீட்டுக்குள் மட்டும் வாழ்வதில்லை. மயிலாப்பூரிலோ நுங்கம்பாக்கத்திலோ மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைக்கிற ஒரு பெண்ணின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையிலிருந்து அவர் ஆறு மணிக்கு நடந்தே போய், பத்து மணிக்கு வீடு திரும்பி உலை வைத்து, மத்தியானம் மறுபடி போவார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நடுவில் எட்டிப் பார்க்கலாம். பெரும்பாக்கத்திலிருந்து ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம். இரண்டு நடை போக முடியாது, அதனால் ஒரு வீட்டு வேலை போகும். முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் இன்னொன்றும் போகும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது இவர்களுக்குப் பெரிய உதவி. வாரியத்தின் எந்தச் சலுகையையும்விட இதைத்தான் அதிகம் பேர் சொல்வார்கள். நேரத்தை மட்டும் அது திருப்பித் தரவில்லை.

தெருமுனையில் இட்லி சுட்டு விற்றவர் ஆறாவது மாடியில் யாருக்கு விற்பார்? கட்டட வேலைக்கு ஆள் எடுக்க மேஸ்திரி வந்து நிற்கிற இடம் சைதாப்பேட்டை, செம்மஞ்சேரி அல்ல. சாலையின் மறுபக்கம் இருக்கும் ஐ.டி. வளாகங்கள் ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி வேலை தந்தன என்பதையும் சொல்லவேண்டும். முதல் தலைமுறை இழந்ததில் ஒரு பகுதியை இரண்டாவது தலைமுறை அங்கே பிடித்துக்கொண்டது. ஆனால் நேர்முகத்தில் 'கண்ணகி நகர்' என்று சொல்லாமல் 'துரைப்பாக்கம்' என்று சொல்லப் பழகிய பிள்ளைகள் அவர்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இருந்த கார்த்திகாவைக் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே ஊர் கொண்டாடியபோது அங்கே எழுந்த ஆரவாரம் வெறும் கபடிக்கானது மட்டுமில்லை.

அரசு இந்த இழப்புக்குத் தருவது என்ன? கூவம், அடையாற்றங்கரைக் குடும்பங்களுக்கு இடம்பெயர 5,000 ரூபாய், வாழ்வாதார உதவியாக மாதம் 2,500 ரூபாய் வீதம் ஒரு வருஷம். காசுக்கு மேலே காலம் இருக்கிறது. 2019 டிசம்பர் கடைசியில் தீவுத்திடல் பக்கத்துச் சத்தியவாணிமுத்து நகர் வீடுகளை இடித்து மக்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றினார்கள். பள்ளி ஆண்டின் நட்டநடுவில். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை என்ன செய்யும்? சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கும், இல்லையென்றால் தினமும் போய்வரும், இல்லையென்றால் நின்றுவிடும். தேர்வுக்கு முன்னால், மழைக்காலத்தில், இரவில் வெளியேற்றக் கூடாது என்று ஐ.நா.வின் வழிகாட்டு நெறிகள் 2007-லேயே சொல்லியிருக்கின்றன. அவை சட்டமல்ல என்பதுதான் பிரச்சினை.

சட்டம் என்று பார்த்தால் 1985-ல் உச்ச நீதிமன்றம் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் பிழைப்பும் வாழ்வுரிமையின் பகுதிதான் என்றது. அதே சமயத்தில் சென்னைக் குடிசைகளுக்காகவும் ஒரு வழக்கு நடந்தது. தொடுத்தவர் அப்போது வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு. தமிழ்நாடு அரசு மாற்று இடம் தரும் என்று சொன்னதை ஏற்றுக்கொண்டு நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. அந்த மாற்று இடம் எத்தனை கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று அன்று யாருக்கும் கேட்கத் தோன்றியிருக்காது.

1971-ன் குடிசைப்பகுதிச் சட்டமும் கையில் இருக்கிறது. அறிவிக்கப்பட்ட பகுதியாக இருந்தால் சும்மா இடித்துவிட முடியாது. ஆனால் சென்னையில் 1971-ல் 1,202 பகுதிகளையும் 1985-ல் இன்னும் 17 பகுதிகளையும் அறிவித்ததோடு அந்தப் பட்டியல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு உருவானவையெல்லாம் காகிதத்தில் இல்லாத ஊர்கள். அவற்றுக்குள் கணக்கெடுக்க வருபவர்கள் கதவில் பெயிண்டால் எண் எழுதிவிட்டுப் போவார்கள், பயோமெட்ரிக் எடுப்பார்கள். அந்த ஒருநாள் வேலைக்கோ ஊருக்கோ போயிருந்தால் எண் கிடையாது, எண் இல்லையென்றால் வீடு கிடையாது. வாடகைக்கு இருந்தவர் யார், ஒரே குடிசையில் இருந்த அண்ணன் தம்பி குடும்பங்கள் ஒன்றா இரண்டா என்ற சண்டையெல்லாம் அங்கேதான் நடக்கும். 2021 அக்டோபரில் மறுகுடியமர்வுக் கொள்கை வரைவு ஒன்றை அரசு வெளியிட்டது. அதே வருஷம் வாரியத்தின் பெயரும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. ஜனங்களின் வாயில் அது இன்னும் 'ஹவுசிங் போர்டு'தான்.

வேறு வழி இல்லாமலில்லை. ஒடிசா 2017-ல் சட்டம் போட்டு நகரங்களின் குடிசைவாசிகளுக்கு இருக்கும் இடத்திலேயே நில உரிமை கொடுத்தது. தாய்லாந்து 2003-லிருந்து குடியிருப்போரின் சேமிப்புக் குழுக்களுக்குக் கடன் கொடுத்து, அவர்களையே நிலம் பேசி வாங்கவோ குத்தகை எடுக்கவோ வைக்கிறது. சென்னையின் ஆற்றங்கரையில் எல்லோரையும் அங்கேயே வைத்திருக்க முடியாது, 2015-ஐப் பார்த்தவர்கள் அதைச் சொல்லமாட்டார்கள். வெள்ளம் முட்டும் கரையிலிருந்து விலகத்தான் வேண்டும். ஆனால் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் விலகுவதும் இருபத்தைந்து கிலோமீட்டர் விலகுவதும் ஒன்றா? ஒரு வருஷம், இரண்டு வருஷம் வாடகையையும் அட்வான்ஸையும் அரசு கட்டினால் குடும்பம் அதே வட்டாரத்தில் இருக்கும். பிள்ளை அதே பள்ளிக்குப் போகும். அந்தச் சமயத்தில் வார்டுக்குள் இருக்கும் சின்னச் சின்ன அரசு நிலங்களைத் தேடலாம்.

வாரியத்திடம் அப்படி நிலம் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. எழுபதுகளில் நகரத்துக்குள் கட்டிய பழைய குடியிருப்புகளின் அடிமனை முழுக்க அதனுடையதுதான். அவற்றின் ஆயுள் முடிந்துவிட்டது. 2021 டிசம்பர் 27-ல் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் காலையில் அப்படியே சரிந்தது. விரிசல் விட்டதைப் பார்த்துச் சற்று முன்னதாக எல்லோரையும் வெளியேற்றியதால் உயிர் தப்பினார்கள். இப்போது இப்படிப்பட்ட பிளாக்குகளை இடித்து, அதே இடத்தில் 400 சதுர அடி அளவுக்குப் பெரிய வீடுகளாகக் கட்டித் தருகிறார்கள். புளியந்தோப்பில் 2021-ல் புதுக் கட்டடத்தின் பூச்சு கைபட்டாலே உதிர்ந்த கதையை ஒதுக்கிவிட்டால், இருந்த இடத்திலேயே வீடு என்ற எழுபதுகளின் யோசனை திரும்பி வந்திருக்கிறது என்றே சொல்லலாம்.

இங்கேயும் இடைக்காலம்தான் உதைக்கிறது. கட்டி முடிக்கும்வரை வெளியே தங்கக் கருணைத் தொகை என்று முன்பு 8,000 ரூபாய் கொடுத்தார்கள், 2021-ல் அதை 24,000 ஆக்கினார்கள். கட்டுமானம் ஒன்றரை வருஷத்தில் முடிந்தால்கூட மாதத்துக்கு 1,333 ரூபாய் வருகிறது. திருவொற்றியூரிலோ புளியந்தோப்பிலோ அந்தக் காசுக்கு ஓர் அறைகூடக் கிடைக்காது. பெயரையும் கவனியுங்கள், வாடகை என்றில்லை, கருணை. மறுகட்டுமானத்தில் இன்னொரு கேள்வியும் தொக்கி நிற்கிறது. 1975-ல் ஒரு தாத்தா பெயருக்கு ஒதுக்கிய வீட்டில் இன்று மகன்கள், பேரன்கள் என்று மூன்று குடும்பம். ஒரு வீட்டுக்கு ஒரு வீடு என்பது வாரியத்தின் கணக்கு. சாவி ஒருவருக்கு வரும். மற்ற இரண்டு குடும்பங்களுக்குக் கருணைத் தொகையும் இல்லை, பெரும்பாக்கமும் இல்லை. அவர்கள் அடுத்த குடிசையை எங்கே போடுவார்கள் என்று எந்தக் கணக்கெடுப்பும் இதுவரை கேட்டதில்லை.